அனுமதி யார் கையில்?

செயற்கை நுண்ணறிவும் உலக அரசியலும் என்று பேச்செடுத்தால் நம் டிவி விவாதங்களில் உடனே ரோபோ சிப்பாய் வந்துவிடுகிறது. இல்லாவிட்டால் போலி வீடியோ. இரண்டும் பேசவேண்டிய விஷயம்தான். ஆனால் இந்தச் செய்திகளைச் சில வருடங்களாக விடாமல் படித்துவரும் எனக்குப் படுவது வேறு. நாடுகள் இப்போது முட்டிக்கொள்வது லைசென்ஸுக்காக. யார் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், யார் கேட்காமலே நடத்திக்கொள்ளலாம் என்பதுதான் சண்டையே.

2022 அக்டோபர் 7 அன்று அமெரிக்க வணிகத் துறை ஒரு உத்தரவு போட்டது. குறிப்பிட்ட திறனுக்கு மேற்பட்ட சிப்களையும், அவற்றைச் செய்யும் கருவிகளையும் லைசென்ஸ் இல்லாமல் சீனாவுக்கு விற்கக் கூடாது. செயற்கை நுண்ணறிவை ஓட்டும் சிப்களைச் செய்யும் அமெரிக்கக் கம்பெனி என்விடியா. அதன் ஏ100, ஹெச்100 சிப்கள் இரண்டும் அதில் மாட்டின. என்விடியா சும்மா இருக்குமா? வரம்புக்குச் சற்றுக் கீழே நிற்கிற மாதிரி ஏ800, ஹெச்800 என்று சீனாவுக்கென்றே தனி மாடல் போட்டது. ஒரு வருடத்தில் அவற்றுக்கும் தடை. உடனே ஹெச்20. இதற்கிடையே வாங்கிவைத்த ஹெச்800 சிப்களில் சுமார் இரண்டாயிரத்தைக் கொண்டு டீப்சீக் என்ற சீனக் கம்பெனி தன் ஏஐ மாடலைப் பயிற்றுவித்தது. அந்த அதிர்ச்சியில் 2025 ஜனவரி 27 அன்று என்விடியாவின் சந்தை மதிப்பில் கிட்டத்தட்ட 600 பில்லியன் டாலர் ஒரே நாளில் காணாமல் போனது. தடை போட்டவர்கள் எதிர்பார்த்தது இதை அல்ல.

சரி, ஒரு நாடு தாள் ஒன்றில் கையெழுத்துப் போட்டால் இன்னொரு நாட்டின் தொழிலே எப்படித் திணறும்? அதற்கு நெதர்லாந்தில் வெல்ட்ஹோவன் என்கிற சின்ன ஊருக்குப் போக வேண்டும். ஏஎஸ்எம்எல் கம்பெனி அங்கேதான் இருக்கிறது. அதீத புறஊதா ஒளியால் அதிநவீன சிப்களை அச்சடிக்கும் ஈயுவி இயந்திரத்தை உலகத்தில் வேறு யாரும் விற்பதில்லை. உருகிய வெள்ளீயத்தை நொடிக்கு 50,000 சொட்டு என்ற கணக்கில் வெற்றிடத்துக்குள் விடுகிறார்கள். ஒவ்வொரு சொட்டையும் லேசர் இரண்டு தடவை அடிக்கிறது. முதல் அடியில் சொட்டு தட்டையாகிறது. அடுத்த அடியில் ஆவியாகி 13.5 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியைக் கக்குகிறது. அந்த ஒளியைக் காற்றும் விழுங்கிவிடும், கண்ணாடி லென்ஸும் விழுங்கிவிடும். அதனால் வெற்றிடத்துக்குள்ளேயே, ஜெர்மனியின் ஸைஸ் கம்பெனி செய்த ஆடிகளில் பட்டுப்பட்டுத் தெறித்து சிலிக்கான் தகட்டுக்கு வந்து சேர்கிறது. ஒரு இயந்திரத்தின் விலை 150 மில்லியன் டாலருக்கு மேல்.

இதில் அரசியல் எங்கே இருக்கிறது என்றால், அந்த ஒளியை உண்டாக்கும் பகுதி அமெரிக்காவின் சான் டியாகோவில் ஒரு கம்பெனியில் உருவானது. ஏஎஸ்எம்எல் 2013-ல் அந்தக் கம்பெனியையே விலைக்கு வாங்கிவிட்டது. ஆனாலும் அமெரிக்கத் தொழில்நுட்பம் உள்ளே இருக்கிறது என்ற ஒரே பிடியை வைத்து வாஷிங்டன் நெருக்கியது. ஈயுவி இயந்திரத்தைச் சீனாவுக்கு அனுப்ப டச்சு அரசு 2019-லிருந்து லைசென்ஸ் கொடுக்கவில்லை. தைவான் கதையும் ஏறக்குறைய இதுதான். மோரிஸ் சாங் 1987-ல் அங்கே தொடங்கிய டிஎஸ்எம்சி கம்பெனிதான் உலகின் அதிநவீன சிப்களில் பெரும்பகுதியைச் செய்கிறது. ஆனால் யாருக்குச் செய்து கொடுக்கலாம் என்பதை அந்தத் தீவு தனியாக முடிவு செய்ய முடியாது. பூட்டுச் செய்கிறவன் ஒருவன், சாவி இன்னொருவன் இடுப்பில்.

நெதர்லாந்தே இதை வலிக்க வலிக்கத் தெரிந்துகொண்டது 2025-ல். நெக்ஸ்பீரியா என்று நைமேகன் நகரத்தில் ஒரு கம்பெனி. செயற்கை நுண்ணறிவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. டயோடு, டிரான்சிஸ்டர் மாதிரி மலிவான சமாச்சாரம், கோடிக்கணக்கில் செய்து கார் கம்பெனிகளுக்கு விற்கிறார்கள். முதலாளி விங்டெக் என்ற சீன நிறுவனம். அந்த நிறுவனத்தை அமெரிக்கா ஏற்கெனவே கறுப்புப் பட்டியலில் வைத்திருந்தது. பட்டியலில் உள்ள நிறுவனங்களுக்குப் பாதியோ அதற்கு மேலோ சொந்தமான கம்பெனிகளுக்கும் தடை பொருந்தும் என்று செப்டம்பர் கடைசியில் அமெரிக்கா விதியை நீட்டியது. ஓரிரு நாளில் டச்சு அரசு 1952-ல் இயற்றிய ஒரு பழைய சட்டத்தைத் தூசிதட்டி எடுத்து நெக்ஸ்பீரியாவின் நிர்வாகத்தைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. அமெரிக்கா சொல்லிச் செய்யவில்லை, தொழில்நுட்பம் வெளியே போவதைத் தடுக்கத்தான் என்று டச்சுத் தரப்பு விளக்கம் கொடுத்தது. நம்புகிறவர்கள் நம்பலாம்.

சீனா பதிலுக்கு அதிகம் பேசவில்லை. ஐரோப்பாவில் தயாராகும் நெக்ஸ்பீரியா சிப்களில் பெரும்பகுதி கடைசியில் பேக்கிங் ஆகிவந்தது சீனாவின் டோங்குவானில். அங்கிருந்து வெளியே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். சில பைசாவுக்கு விற்கும் பாகம் வராமல் மெக்சிகோவில் ஹோண்டா ஆலை நின்றது. ஜெர்மனியில் கார் கம்பெனிகள் கையிருப்பை எண்ண ஆரம்பித்தன. நவம்பரில் டச்சு அரசு தன் உத்தரவை நிறுத்திவைத்தது. உலகத்திலேயே சிக்கலான இயந்திரத்தைச் செய்யும் நாடு, உலகத்திலேயே சாதாரணமான டயோடு விஷயத்தில் பின்வாங்கியது.

சீனாவும் லைசென்ஸ் வித்தையை நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டது. 2023-ல் சிப்புக்கு வேண்டிய காலியம், ஜெர்மானியம் இரண்டின் ஏற்றுமதிக்கும் லைசென்ஸ். 2025 ஏப்ரலில் மோட்டார் காந்தம் முதலியவற்றுக்கு வேண்டிய ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அவை சேர்ந்த காந்தங்களுக்கும். அக்டோபரில் இன்னும் ஒருபடி மேலே போய், ஒரு பொருளின் மதிப்பில் 0.1 சதவீதம் சீன அரிய மண் இருந்தாலும், அதை வெளிநாட்டில் செய்து வெளிநாட்டுக்கு விற்கவும் பெய்ஜிங்கிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று விதி போட்டது. அமெரிக்காவின் சட்டத்தைப் பார்த்து எழுதியது போலவே இருந்தது. டிரம்பும் ஷி ஜின்பிங்கும் புசானில் சந்தித்த பிறகு அதை ஒரு வருடத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். ரத்து செய்யவில்லை.

இதெல்லாம் தேசப் பாதுகாப்பு என்று சொன்னார்கள், நானும் ஒரு அளவுக்கு ஒப்புக்கொண்டேன். எதிரி நாட்டு ராணுவத்துக்குப் போகும் சிப்பைத் தடுக்க நினைப்பதில் தப்பில்லையே. ஆனால் 2025-ல் டிரம்ப் அரசு ஹெச்20 சிப்புக்கு ஏப்ரலில் தடை போட்டது, ஜூலையில் விலக்கியது, ஆகஸ்டில் சீன விற்பனையில் 15 சதவீதம் அரசுக்குக் கொடுத்தால் லைசென்ஸ் என்றது. டிசம்பரில் அதைவிடப் பலமடங்கு வலுவான ஹெச்200-க்கு 25 சதவீதம் என்று அறிவிப்பு. பாதுகாப்புக்கு ஆபத்தான பொருள் என்றால் எந்த விலைக்கும் விற்கக் கூடாது. விற்கலாம் என்றால் ஆபத்து என்று சொல்லித் தடுத்திருக்கக் கூடாது. கமிஷன் வாங்கிக்கொண்டு விடுகிற ஆபத்து என்ன ஆபத்து? நம் ஊர் செக்போஸ்ட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அதே நேரம், உண்மையிலேயே யாராவது அனுமதி கேட்டாக வேண்டிய இடத்தில் கேட்பார் இல்லை. காசா போரில் இஸ்ரேல் ராணுவம் லாவெண்டர் என்ற மென்பொருளை வைத்து 37,000 பாலஸ்தீனியர் வரை சந்தேகப் பட்டியலில் சேர்த்தது, ஒவ்வொரு பெயரையும் சரிபார்க்க அதிகாரிகள் சுமார் 20 நொடிதான் எடுத்துக்கொண்டார்கள் என்று 2024 ஏப்ரலில் இஸ்ரேலியப் பத்திரிகையாளர்களே எழுதினார்கள். அது வெறும் தரவுத்தளம், தாக்குதல் பட்டியல் அல்ல என்று ராணுவம் மறுத்தது. இந்த மாதிரிக் கருவிகளுக்கு இதுவரை எந்த உலக ஒப்பந்தமும் இல்லை. 2023 டிசம்பரில் தானியங்கி ஆயுதங்கள் பற்றி ஐநா பொதுச்சபையில் ஒரு தீர்மானம் வந்தது. தடை எல்லாம் இல்லை, நாடுகளின் கருத்தைக் கேட்டு ஒரு அறிக்கை தயாரியுங்கள் என்கிற அளவில்தான். 152 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தவை நான்கு: ரஷ்யா, பெலாரஸ், மாலி, இந்தியா. ஜெனிவாவில் ஏற்கெனவே பேச்சு நடக்கிறது, அங்கேயே பேசலாம் என்பது நம் வாதம். அங்கே ஒருமித்த கருத்து வந்தால்தான் எதுவும் நகரும் என்பதால் பத்து வருடமாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

இந்தியா என்றதும் இன்னொன்று. 2025 ஜனவரியில் பைடன் பதவி விட்டுப் போகும் கடைசி வாரத்தில் ஏஐ சிப் விற்பனைக்காக உலக நாடுகளை மூன்று அடுக்காகப் பிரித்து ஒரு விதி வந்தது. முதல் அடுக்கில் பதினெட்டு நாடுகள், தாராளமாக வாங்கலாம். கடைசி அடுக்கில் சீனா, ரஷ்யா மாதிரி நாடுகள். நடுவில் இருப்பவர்களுக்கு உச்சவரம்பு. குவாட் கூட்டாளி, வாஷிங்டனின் இயல்பான நண்பன் என்றெல்லாம் மேடையில் கொண்டாடப்பட்ட இந்தியா எங்கே இருந்தது? நடுவில். மே மாதம் விதி அமலுக்கு வரும் முன்பே டிரம்ப் அரசு அதைத் திரும்பப் பெற்றது. ஆனால் நம்மை எந்த வரிசையில் வைத்துப் பார்க்கிறார்கள் என்பது தெரிந்துபோயிற்று. நம் அரசின் இந்தியா ஏஐ மிஷனுக்கு 10,372 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் அதில் பெரும்பாலும் ஓடப்போவது யாருடைய சிப் என்று யோசித்துப் பாருங்கள்.

இதெல்லாம் நமக்கு எங்கேயோ தூரத்தில் நடக்கிற கதை என்று நினைத்தால், கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வாருங்கள். மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது, அரிய மண் தனிமங்கள் அடங்கிய, கதிரியக்கமும் உள்ள கனிமம். மத்திய அரசின் ஐஆர்இஎல் நிறுவனம் பல பத்தாண்டுகளாக அங்கே மணல் எடுக்கிறது. பக்கத்தில் கிள்ளியூர் வட்டத்தில் இன்னும் 1,144 ஹெக்டேரில் எடுக்கத் திட்டம் வந்து, கதிர்வீச்சைப் பற்றிய பயத்தில் மீனவ ஊர்கள் எதிர்த்து நிற்கின்றன. சீனா காந்தத்தை நிறுத்தியதும் மின்சார ஸ்கூட்டர் கம்பெனிகள் உற்பத்தியைக் குறைத்தன. உடனே அரிய மண்ணில் தற்சார்பு என்ற குரல் ஓங்கியது. நம் மணலில் காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியம் உண்டு. சீனா பூட்டி வைத்திருக்கும் டிஸ்ப்ரோசியம் போன்ற கன ரக அரிய மண் தனிமங்கள் எடுக்கத் தோதான அளவில் இல்லை. இதை டெல்லியில் தெரியாதவர்கள் யாரும் இல்லை.

ஆனாலும் 2025 செப்டம்பர் 8 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை வெளியிட்டது. அணுக் கனிமம், முக்கியக் கனிமம் சுரங்கத் திட்டங்களுக்கு இனி பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை, காரணம் தேசப் பாதுகாப்பு. தமிழ்நாடு அரசு எதிர்ப்புத் தெரிவித்துக் கடிதம் எழுதியது. வாஷிங்டனில் என்விடியா 25 சதவீதம் கொடுத்தால் தேசப் பாதுகாப்பு வழிவிடுகிறது. கிள்ளியூர்க்காரரிடம் அப்படிக் கொடுக்க ஒன்றும் இல்லை. கலெக்டர் முன்னால் மைக்கைப் பிடித்து “வேண்டாம்” என்று சொல்லும் உரிமை ஒன்றுதான் இருந்தது. சிப் பற்றியும் வல்லரசு பற்றியும் மணிக்கணக்கில் பேசும் நம் நிபுணர்களில் எத்தனை பேர் இந்தக் குறிப்பாணையைப் படித்தார்கள் என்று தெரியவில்லை. பின்னூட்டத்தில் ரோபோ சிப்பாய் பற்றி எழுதப்போகிறவர்கள் முதலில் அதைப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசுவோம்.