படித்ததைப் படித்தது என்று ஏற்றுக்கொள்ளுங்கள்

அந்த வீடியோவை இதற்குள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பலர் எனக்கு அனுப்பி, "சேர், இதைப் பற்றி நீங்க ஏன் இன்னும் எழுதல்ல?" என்று கேட்டுவிட்டார்கள். கோபம் ஆறட்டும் என்று இருந்தேன். ஆறவில்லை.

உயர்தரத்துக்குப் பிறகு என்ன படிக்கலாம் என்று பெற்றோருக்கு விளக்கும் கூட்டம் அது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மா எழும்பிக் கேட்கிறார்: "சேர், என்ட மகன் கரண்ட் வேலை படிச்சு என்.வி.கியூ நாலு எடுத்திருக்கான். அதை வச்சு டிகிரி வரைக்கும் போகலாமா?" மேடையில் இருந்தவர் சொன்ன பதில்: "அம்மா, அது கைவேலைக்காரருக்குக் குடுக்கிற சேர்ட்டிபிக்கட். படிப்போட அதைப் போட்டுக் குழப்பாதீங்க." மண்டபம் சிரிக்கிறது. அந்த அம்மாவும் சிரிக்க முயற்சி செய்துகொண்டே உட்காருகிறார்.

பேசியவரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. தயவுசெய்து கொமெண்டிலும் யாரும் எழுத வேண்டாம். ஒரு ஆளைத் திட்டி முடித்துவிட்டால் விஷயம் அதோடு செத்துப்போகும். எனக்கு அந்த ஆள் முக்கியமில்லை, அந்தப் பதில்தான் முக்கியம். ஏனென்றால் அது பிழையான பதில்.

அந்த அம்மா கேட்டதற்கு "ஓம், போகலாம்" என்பதுதான் இந்த நாட்டின் சட்டப்படியான பதில். என்.வி.கியூ என்ற தேசிய தொழில் தகைமைக்கு ஏழு மட்டங்கள் உண்டு. ஒன்றிலிருந்து நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். நாலை எடுத்தவன் ஐந்துக்குப் போகலாம், ஐந்திலிருந்து மேலே ஏறலாம். அப்படி வருகிற பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் 2008ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தால் வாழ்க்கைத்தொழில் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்தையே தொடங்கினார்கள். அது இரத்மலானையில் இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து இரவு ரயில் ஏறிப் போக வேண்டும் என்பது வேறு கவலை. ஆனால் இருக்கிறது.

அதற்குப் பிறகு 2012இல் உயர்கல்வி அமைச்சு, எந்தப் படிப்பு எந்த மட்டம் என்று வரிசைப்படுத்துகிற இலங்கைத் தகைமைக் கட்டமைப்பைக் கொண்டுவந்தது. 2015இல் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதைத் திருத்தி மறுபடி வெளியிட்டது. அதில் 12 மட்டங்கள். 50 மணித்தியாலக் கற்றலுக்கு ஒரு கிரெடிட், முழுநேரமாகப் படிக்கிற ஒரு வருடத்துக்கு 30 கிரெடிட். என்.வி.கியூ ஐந்து அந்தக் கட்டமைப்பின் மூன்றாம் மட்டத்துக்கும், ஆறு நான்காம் மட்டத்துக்கும், ஏழு ஐந்தாம் மட்டத்துக்கும் சமம் என்று அட்டவணை போட்டு எழுதியிருக்கிறார்கள். ஐந்தாம் மட்டம் என்றால் என்ன தெரியுமா? 90 கிரெடிட் பட்டம். கம்பஸில் எடுக்கிற அதே பட்டம்.

ஆக, படித்தது படித்ததுதான் என்று நாடு ஏற்கெனவே எழுதி வைத்துவிட்டது. அதை வாசிக்காமல் மேடையேறுகிறவர்களால்தான் எங்கள் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள்.

நான் மின்னியல் போதனாசிரியர் என்பது உங்களுக்குத் தெரியும். என்னிடம் படித்த ஒரு பொடியனின் கதையைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். அவன் வயரிங் செய்தால் சுவரைப் பார்த்தே ஆள் யாரென்று சொல்லலாம், அவ்வளவு நேராகக் குழாய் இறங்கியிருக்கும். மதிப்பீட்டு நாளில் மாடிப்படி விளக்குக்கு இரண்டு பக்கமும் சுவிட்ச் போடுகிற வேலையைக் கொடுத்தார்கள். முடித்துவிட்டு, யாரும் சொல்லாமலே 500 வோல்ட் மெகரை எடுத்து வயரின் காப்பைச் சோதித்து, வந்த அளவைத் தாளில் எழுதி வைத்துவிட்டுத்தான் மெயினைப் போட்டான். பரிசோதிக்க வந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு தலையாட்டல் ஆட்டினார். என் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய சம்பளம் அதுதான்.

அவன் நாலு எடுத்தான், டிப்ளோமாவும் முடித்தான். பிறகு ஒரு நிறுவனத்தில் உயர் டிப்ளோமாவுக்கு விண்ணப்பித்தான். நானும் கூடப் போனேன். அவன் கையில் பயிற்சிப் பதிவுப் புத்தகம் இருந்தது. ஒவ்வொரு அலகுக்கும் செய்த வேலை, திகதி, கையொப்பம் எல்லாம் அதில் இருக்கிறது. ஓரங்களில் கிரீஸ் பட்டுப் பழுப்பாகிப்போன புத்தகம். கவுண்டரில் இருந்தவர் அதைத் திறக்கவே இல்லை. ஒரு விரலால் எங்கள் பக்கமே தள்ளிவிட்டார். "ஏ.எல் ரிசல்ட் ஷீட்டைத் தாங்க. இதெல்லாம் இஞ்ச தேவையில்ல."

ஏ.எல் பெறுபேறு இருந்ததால் இடம் கிடைத்தது. ஆனால் முதலாம் வருடம், முதல் நாளிலிருந்து. தடை என்றால் என்ன, வயரை உரித்து இணைப்பது எப்படி, எல்லாம் திரும்ப. அவனுக்குக் கற்பித்த இளம் போதனாசிரியரே செய்முறை வகுப்பில் அவனிடம் வந்து சந்தேகம் கேட்டாராம். பகலில் வேலைக்குப் போய் அம்மாவைப் பார்க்கிற பொடியன், ஏற்கெனவே படித்ததைத் திரும்பப் படிக்க நாளும் காசும் கொடுக்க வேண்டியிருந்தது. சில மாதம் இழுத்துப் பார்த்தான். பிறகு கட்டாருக்குப் போய்விட்டான். அங்கே அவனுடைய என்.வி.கியூவைக் கேட்டு வாங்கிப் பார்த்துத்தான் வேலை கொடுத்திருக்கிறார்கள். பிறந்த ஊரில் திறக்கப்படாத புத்தகம் அது.

படித்தது படித்ததுதான் என்று சொல்ல ஒரு ஆள் அந்தக் கவுண்டரில் இருந்திருந்தால் போதும். சமமா இல்லையா என்பதை அட்டவணை சொல்கிறது. ஆனால் எத்தனை கிரெடிட்டைக் கழித்து எந்த இடத்திலிருந்து தொடங்க விடுவது என்பது அந்தந்த நிறுவனத்தின் விருப்பம் என்று விட்டுவிட்டார்கள். விருப்பம் என்று விட்டால் யார் விரும்புவார்கள்? ஒரு வங்கியில் போட்ட காசை அடுத்த தெரு வங்கி செல்லாது என்று சொன்னால் நாம் சும்மா இருப்போமா?

இந்தியாவில் 2023 ஏப்ரலில் தேசிய கிரெடிட் கட்டமைப்பு என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூடம், தொழிற்பயிற்சி, பல்கலைக்கழகம் மூன்றுக்கும் ஒரே அளவுகோல். 30 மணித்தியாலத்துக்கு ஒரு கிரெடிட், வருடத்துக்கு 1200 மணித்தியாலம், 40 கிரெடிட். பட்டறையில் படித்த மணித்தியாலமும் வகுப்பில் படித்த மணித்தியாலமும் ஒரே கணக்கில் சேரும். செய்த வேலையின் அனுபவத்தையும் சேர்க்க விதி வைத்திருக்கிறார்கள். அங்கே மூலைமுடுக்கெல்லாம் இது ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கணக்கு மாணவனின் பெயரில் இருக்கிறது, கவுண்டரில் இருப்பவரின் மனநிலையில் இல்லை. எங்களுக்குத் தேவையானது அதுதான்.

இனி வருகிற பதில்கள் எனக்குத் தெரியும். "தரம் குறைந்துவிடும்" என்பார்கள். சரி, சோதியுங்கள். எழுத்துப் பரீட்சை வையுங்கள், செய்முறை வையுங்கள், கணிதம் போதாது என்றால் இடையில் ஒரு இணைப்புப் பாடநெறி வையுங்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் கணிதத்திலும் ஆங்கிலத்திலும் இடைவெளி இருப்பது உண்மை. நான் தினமும் பார்க்கிறேன், ஒளிக்கவில்லை. இலவசமாக எதையும் கேட்கவில்லை. சோதிக்காமலே பூச்சியம் போடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

"என்.வி.கியூவைக் காசுக்கு வாங்கலாம்" என்று ஒரு கூட்டம் வரும். வாங்கினவனைப் பிடித்துக் கொடுங்கள். அதற்காக இரவிரவாக இருந்து படித்தவனை ஏன் தண்டிக்கிறீர்கள்?

"நீங்க போதனாசிரியர், உங்கட வகுப்புக்கு ஆள் சேர்க்கக் கதைக்கிறீங்க" என்று ஏற்கெனவே ஒருவர் எழுதிவிட்டார். அதை வாசித்துவிட்டு வெகுநேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். எங்கள் அப்பா மேசன். மட்டக்களப்பில் பெண்பிள்ளை பிறந்தால் வீட்டுக் கணக்கும் அன்றைக்கே தொடங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அத்திவாரம் ஒரு வருடம், சுவர் ஒரு வருடம், கூரை ஒரு வருடம் என்று சீட்டுப் பிடித்து எத்தனை அம்மா அப்பாமார் மகளுக்கு வீடு கட்டினார்கள். அந்த வீடுகளில் பலவற்றை அப்பாதான் கட்டினார். கட்டும்போது "பாஸ், பாஸ்" என்று பின்னால் வருவார்கள். குடிபூரலுக்கு அழைத்தால் பின்வாசல் பக்கம் பாய் போடுவார்கள். அப்பா நூல் பிடித்துக் கணக்குப் பார்க்கிற வேகத்துக்கு அவர் கணிதம் படித்திருந்தால் எங்கே போயிருப்பார் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். முன்கற்றலை அங்கீகரிக்கிற முறை அப்போது இல்லை. இன்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தை விட்டு வெகுகாலம் ஆன மேசனும், தான் செய்த வேலையைக் காட்டி மதிப்பீட்டுக்கு வந்து என்.வி.கியூ எடுக்கலாம். அப்பாவுக்குத்தான் அது கிடைக்கவில்லை. இதற்காகத்தான் கதைக்கிறேன். ஆள் சேர்க்க இல்லை.

நோவது இதுதான்: கையால் செய்கிறவனுக்கு மூளை இல்லை என்ற எண்ணம் எங்களிடம் ஊறிப்போயிருக்கிறது. 2017இல் 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தை முதலில் 42 பாடசாலைகளில் தொடங்கினார்கள். சாதாரண தரத்தில் சறுக்கிய பிள்ளையும் பாடசாலையை விட்டு விலகாமல் ஒரு தொழிலைப் படித்து என்.வி.கியூ நாலோடு வெளியே வரட்டும் என்ற நல்ல திட்டம். நம்மட ஆட்கள் அதற்கு என்ன பெயர் வைத்தார்கள்? "பெயில் கிளாஸ்." இதை ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிள்ளையின் முகத்துக்கு நேரே.

பட்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள்தான். பட்டம் முடித்தும் வேலையில்லாமல் 2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் மாதக்கணக்கில் போராட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் எங்கள் பிள்ளைகள்தான். 2015 ஒக்டோபர் 29, கொழும்பில் மானியங்கள் ஆணைக்குழுவுக்கு முன்னால் பொலிஸாரிடம் அடிவாங்கியது யார்? கணக்கியல் உயர் டிப்ளோமா மாணவர்கள். எதற்காக? தாங்கள் படித்தது எதற்குச் சமம் என்று கேட்டதற்காக. ஒரு சமத்தன்மையைக் கேட்டு இரத்தம் சிந்திய பிறகும் அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரு அம்மாவைப் பார்த்து மண்டபம் சிரிக்கிறது என்றால், எனக்கு வேறு என்ன எழுத வரும்?

அப்போதெல்லாம் ஒரு சாட்டு இருந்தது. பாடசாலை ஒரு அமைச்சு, பல்கலைக்கழகம் ஒரு அமைச்சு, தொழிற்பயிற்சி இன்னொரு அமைச்சு, ஒன்றுக்கொன்று கதைக்காது. 2024 நவம்பரிலிருந்து கல்வி, உயர்கல்வி, தொழிற்கல்வி மூன்றும் ஒரே அமைச்சின் கீழ். அமைச்சராக இருப்பவர் பிரதமரே, அவரும் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். இனி அந்தச் சாட்டு செல்லாது. எத்தனை கிரெடிட்டைக் கட்டாயம் ஏற்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போடட்டும். சிங்களத்தில் மட்டும் போடாமல் தமிழிலும் போடட்டும். கவுண்டரில் ஒட்டி வைக்கட்டும்.

இப்போது பிள்ளைகளுக்கு. விண்ணப்பிக்கப் போகும்போது பதிவுப் புத்தகத்தைக் கொண்டு போங்கள். எந்தெந்தப் பாடங்களுக்கு விலக்குக் கேட்கிறீர்கள் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள், பிரதியில் முத்திரை வாங்குங்கள். "இல்லை" என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் சொல்லியாக வேண்டும். கடிதம் எழுதத் தெரியாவிட்டால் எனக்கு இன்பாக்ஸ் பண்ணுங்கள், சேர்ந்து எழுதுவோம். அந்த அம்மாவைத் தெரிந்தவர்கள் யாராவது இதை வாசித்தால் என் இலக்கத்தை அவரிடம் கொடுங்கள். மகனுக்கு ஐந்தாம் மட்டத்துக்கான விண்ணப்பத்தை நானே நிரப்பிக் கொடுக்கிறேன்.