8009 போர்ட்டைத் திறந்துவிடு என்று இன்னும் எத்தனை வருஷம் எழுதுவீர்கள்?

அப்பாச்சி வெப் சர்வரையும், ஜாவா ஆப்களை ஓட்டும் டாம்கேட் சர்வரையும் இணைக்க, "டாம்கேட்டின் 8009 கனெக்டரில் கமெண்டை எடு, அப்பாச்சியில் கோரிக்கையை அதற்குக் கடத்தும் பிராக்ஸிபாஸ் ஒரு வரி போடு, முடிந்தது" என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள். புது டாம்கேட்டில் ஒருமுறையாவது ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதக் கூடாதா?

2020 பிப்ரவரியில் டாம்கேட்டின் கோஸ்ட்கேட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானதோடு அந்தக் கதை முடிந்துவிட்டது. டாம்கேட் 9.0.31 முதல் அந்த 8009 கனெக்டர், அதாவது ஏஜேபி நெறிமுறையில் அப்பாச்சியோடு பேசும் கனெக்டர், கமெண்டுக்குள்தான் வருகிறது. கமெண்டை எடுத்துவிட்டாலும் லூப்பேக் முகவரியில், அதாவது அதே கணினிக்குள் மட்டும்தான் கேட்கும். செக்ரெட் என்ற ரகசியச் சொல்லைக் கொடுக்கவில்லையென்றால் அந்தக் கனெக்டர் எழும்பவே எழும்பாது. ஆனால் டாம்கேட் ஓடும்! டாம்கேட்டின் சொந்த 8080 போர்ட் பளிச்சென்று திறக்கும், அப்பாச்சியோ 503 (சேவை கிடைக்கவில்லை) காட்டும். டாம்கேட்டின் கேட்டலினா லாகில் காரணம் தெளிவாகக் கிடக்கிறது, செக்ரெட் காலியாக இருக்கிறது என்று. அதை யார் படிக்கிறார்கள்?

படிக்காமல் என்ன செய்கிறார்கள்? செக்ரெட் கட்டாயமா என்ற அமைப்பில் ஃபால்ஸ் போட்டு, யாரும் வெளியிலிருந்து தொடும்படி முகவரியை 0.0.0.0 ஆக்கிவிடுகிறார்கள். பூட்டு போடச் சொன்னால் கதவையே கழற்றுகிற வேலை இது. 8009-ஐ வெளியிலிருந்து தொட முடிகிறவன் வெளியே காட்டக் கூடாத வெப்-இன்ஃப் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபைல்களைப் படித்துவிடலாம் என்பதுதானய்யா அந்த ஓட்டையே!

சரியான வழி ஒன்றும் மலையைப் புரட்டுவதல்ல. கனெக்டரிலும் பிராக்ஸிபாஸிலும் முகவரியை 127.0.0.1 என்று எழுதுங்கள். லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் ஒரு பக்கம் ஐபிவி6, மறுபக்கம் ஐபிவி4 என்று பிரிந்து போய் மறுபடியும் 503 வரலாம். அதே செக்ரெட்டை பிராக்ஸிபாஸ் வரியிலும் கொடுங்கள், அப்பாச்சி 2.4.42-க்கு முந்தையது என்றால் அதற்கு இது தெரியாது. செக்ரெட் பொருந்தவில்லையென்றால் வருவது 403 (அனுமதி மறுப்பு). பொருந்தியும் 403 வந்தால், டாம்கேட்டுக்குத் தெரியாத ஏதோ ஒரு அட்ரிபியூட்டை அப்பாச்சி அனுப்புகிறது. கனெக்டரின் அனுமதிப் பேட்டர்னில் அதைச் சேருங்கள்.

அப்பாச்சியின் எரர் லாகில் 13, பெர்மிஷன் டினைட் என்று இருந்தால், பெரும்பாலும் லினக்ஸின் பாதுகாப்பு அடுக்கான எஸ்இலினக்ஸ் தடுக்கிறது. உடனே அதையே அணைக்கச் சொல்லும் அறிவுரைதான் எரிச்சலின் உச்சம். அப்பாச்சிக்கு நெட்வொர்க் இணைப்பை அனுமதிக்கும் பூலியன் (ஆன்/ஆஃப் அமைப்பு) ஒன்று இருக்கிறது, அதை மட்டும் ஆன் செய்யுங்கள். அதை ஆன் செய்யும் கட்டளையில் பெரிய பி (-P) ஆப்ஷனை விட்டுவிட்டால் ரீபூட்டில் போய்விடும்.

இன்னொன்று, பிராக்ஸிபாஸில் இடது பக்கம் ஸ்லாஷில் முடிந்தால் வலது பக்கமும் ஸ்லாஷில் முடிய வேண்டும். இரண்டு பக்கமும் கான்டெக்ஸ்ட் பாதை, அதாவது முகவரியில் ஆப் இருக்கும் பாதை, ஒன்றாகவே இருக்கட்டும். மாறினால் செஷன் குக்கி பழைய பாதையிலேயே நிற்கும், லாகின் பக்கம் சுற்றிச்சுற்றி வரும். மாற்றியே தீர வேண்டும் என்றால் குக்கியின் பாதையைத் திருத்தும் பிராக்ஸிபாஸ் ரிவர்ஸ் குக்கிபாத் வரியையும் சேர்த்து எழுதுங்கள்.