உண்மை விளக்கம்: ஜெர்மனியை யூதர்கள் முதுகில் குத்தினார்களா?

"முதல் உலகப் போரில் ஜெர்மன் யூதர்கள் போர்முனைக்கே போகவில்லை, ஊரில் இருந்தபடி நாட்டை முதுகில் குத்தினார்கள், ஹிட்லரின் கோபம் அதனால்தான்" என்று ஒரு வாட்ஸ்அப் பதிவு சுற்றுகிறது. இது தவறு.

சுமார் 1,00,000 யூதர்கள் ஜெர்மன் படையில் இருந்தார்கள். ஏறத்தாழ 12,000 பேர் உயிரிழந்தார்கள். 1916 அக்டோபரில், ஜெர்மனியின் மிகப் பெரிய மாநிலமான பிரஷ்யாவின் போர் அமைச்சகம் படையில் இருந்த யூதர்களை மட்டும் தனியாகக் கணக்கெடுக்க உத்தரவிட்டது. போர் முடியும்வரை முடிவை வெளியிடவில்லை. வதந்திக்கு அதைவிட நல்ல தீனி கிடைக்குமா?

1918 செப்டம்பர் 29 அன்று, உடனே போர்நிறுத்தம் கேட்கச் சொல்லி அரசை நெருக்கியவர் தளபதி லூடன்டார்ஃப். நவம்பர் 11 அன்று போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டதோ எர்ஸ்பெர்கர் என்ற கத்தோலிக்க அரசியல்வாதி. 1921-இல் வலதுசாரித் தீவிரவாதிகள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 1919-இல், தோல்வியை விசாரித்த நாடாளுமன்றக் குழு முன் "படை முதுகில் குத்தப்பட்டது" என்றார் போரில் படைத் தலைவராக இருந்த ஹிண்டன்பர்க். தோற்ற தளபதிகள் தப்பித்தார்கள். மக்கள்தொகையில் 1 சதவீதம்கூட இல்லாதவர்கள் பலியாடானார்கள். நாஜிப் பிரசாரத்தில் சுரண்டும் முதலாளியும் யூதர், புரட்சி செய்யும் கம்யூனிஸ்டும் யூதர். முரண்பாடு அவர்களை உறுத்தவே இல்லை.

வாஷிங்டனில் உள்ள ஹோலோகாஸ்ட் (நாஜிகளின் யூத இனப்படுகொலை) நினைவு அருங்காட்சியகத்தின் இணையக் கலைக்களஞ்சியத்தில் சரிபார்க்கலாம். அந்தப் பதிவு வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடம் இந்த விவரங்களைச் சொல்லுங்கள்.