மஞ்சள் பற்றிய கடிதமும் போர்க் கடிதம்தான்

இலங்கைப் போர்க்காலக் கடிதங்களைத் தேடி எங்கள் மேட்டுப்பாளையம், கோத்தகிரி பக்கம் வருகிறவர்கள் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். ஆய்வு மாணவர்கள், யூடியூப் சேனல்காரர்கள், கண்காட்சி வைக்கிறவர்கள். வரட்டும். இத்தனை வருடம் யாரும் கேட்காமலே இருந்ததற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் பெரும்பாலோர் கேட்பது ஒன்றுதான்: "83-லிருந்து 2009 வரைக்கும் எழுதினது ஏதாவது இருக்குங்களா?" கடிதக் கட்டை எடுத்து முன்னால் வைத்தால், அதிலும் குண்டு, ஷெல், சாவு என்று வருகிற தாள்களை மட்டும் பிரித்துப் படம் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு முந்தைய கடிதங்களையும் பிந்தைய கடிதங்களையும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை.

எனக்கு இது பெரிய தவறாகப் படுகிறது. போர்க்காலக் கடிதத்தைத் தனியாக வைத்துப் படிக்க முடியாது. அதில் எழுதியிருப்பது ரொம்பக் கொஞ்சம். முன்னால் என்ன இருந்தது, பின்னால் என்ன ஆனது என்று தெரிந்தவருக்குத்தான் அந்தக் கொஞ்சம் பேசும்.

எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். எங்களைப் போன்றவர்களை இங்கே "சிலோன்காரங்க" என்பார்கள், அரசாங்கத் தாளில் "தாயகம் திரும்பியோர்". 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், இலங்கையில் குடியுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. 1974-இல் இந்திரா காந்தி காலத்தில் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயக் காம்பராவில் ஒரே கூரைக்குக் கீழே இருந்த அண்ணன் தம்பிகள், ஆளுக்கொரு நாட்டுக்காரராக ஆனது அப்படித்தான். என் அப்பாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட். பெரியப்பாவுக்கு இலங்கைக் குடியுரிமை. 1970களின் தொடக்கத்தில் அப்பாவும் அப்பாயியும் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, கோத்தகிரியில் டான்டீ தோட்டத்து வேலைக்கு வந்தார்கள். இந்த மாதிரி வந்தவர்களுக்காக 1968-இல் அரசாங்கம் தொடங்கிய தோட்டங்கள் அவை. இலங்கை மலைநாட்டில் அட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் பெரியப்பா தங்கிவிட்டார்.

அங்கிருந்துதான் கடிதங்கள் ஆரம்பம். லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது. எல்லாம் தோட்டத்து ஆபீஸுக்கு வந்து, அங்கிருந்து ஆள் மூலம் கைக்குக் கிடைக்க வேண்டும். அதனால் பெரியப்பா ஒவ்வொரு கடிதத்திலும் முதல் வேலையாக, முந்தின கடிதம் எந்தத் தேதியில் கிடைத்தது, ஒட்டியபடி கிடைத்ததா, பிரிந்து கிடைத்ததா என்று எழுதிவிடுவார். போர் வருவதற்குப் பல வருடம் முன்பே, தன் கடிதத்தை இன்னொருவர் படிக்கக்கூடும் என்று தெரிந்தே எழுதியவர் அவர். பின்னால் வந்த கடிதங்களில் இருக்கும் அடக்கத்தைப் பார்த்து "போர்ப் பயம்" என்று ஒரு மாணவர் குறித்துக்கொண்டார். அந்தப் பயம் 1983-இல் பிறந்தது இல்லை.

1973, 74-இல் தோட்டங்களில் அரிசிக்கும் மாவுக்கும் பட்ட பாடு, மரவள்ளிக்கிழங்கைத் தின்று நாளைத் தள்ளியது எல்லாம் அந்தக் கட்டில் இருக்கிறது. தமிழர்களுக்கு எதிரான 1977 கலவரத்துக்கு அப்புறம் அவர் மலையை விட்டுவிட்டுக் கிளிநொச்சிக்குப் போனார். அப்படிப் போன மலையகக் குடும்பங்கள் ஏராளம். வடக்கே போனால் நம் சனம், பாதுகாப்பு என்று நம்பிப் போனார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்குப் பிடித்த கடிதங்கள் வருகின்றன. கொழுந்து பறித்தும் கவாத்து வெட்டியும் மட்டுமே பழகிய மனிதர், காட்டை வெட்டித் திருத்தி முதன்முதலாக வெள்ளாமை வைக்கிறார். சந்தேகம் எல்லாம் தம்பிக்குக் கடிதமாக வருகிறது. கிணறு எத்தனை முழத்தில் ஊறும்? மிளகாய் நாற்று ஏன் சுருண்டுபோகிறது? உங்கள் பக்கம் மஞ்சள் நன்றாக வருமாமே, அதை எப்படிப் போடுவார்கள்?

அப்பாவுக்கு மஞ்சளைப் பற்றி என்ன தெரியும்? அவரும் தேயிலைக்காரர்தானே. சத்தியமங்கலம் பக்கம் தெரிந்த ஒரு குடியானவரிடம் போய் உட்கார்ந்து கேட்டு, அவர் சொல்லச் சொல்லத் தாளில் எழுதிக்கொண்டு வந்தாராம். அந்தக் குறிப்பு இன்னும் எங்களிடம் இருக்கிறது. "தண்ணி நிக்கற காட்டுல மஞ்சள் வராதுன்னு உங்கண்ணங்கிட்ட சொல்லு கண்ணு. பாரு புடிச்சு ஊனச் சொல்லு." வைகாசி, ஆனியில் நடவு, ஊடே சின்ன வெங்காயம், வரப்போரம் ஆமணக்கு, தை மாசியில் வெட்டி வேக வைத்துக் காய வைப்பது வரைக்கும் வரிசையாக. ஈரோட்டுச் சந்தையில் விரலிக்கும் கிழங்குக்கும் விலை ஏன் வித்தியாசம் என்றுகூட அந்த மனிதர் சொல்லியிருக்கிறார். அவர் கடலைத் தாண்டிய ஆள் இல்லை. கிளிநொச்சி எந்தத் திசை என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. யாரோ ஒருவர் வெள்ளாமை நன்றாக வர வேண்டும் என்று அவ்வளவு அக்கறை. கொங்கு நாட்டுக்கும் அந்தப் போருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு நான் இந்தத் தாளைத்தான் காட்டுவேன்.

1981-இல் பெரியப்பா பதில் எழுதினார். மஞ்சள் பரவாயில்லை, அடுத்த வருடம் கூடுதலாகப் போடப்போகிறேன், வீட்டைச் சுற்றிப் பன்னிரண்டு தென்னம்பிள்ளை வைத்திருக்கிறேன், காய்க்கும்போது அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்று.

1983 ஜூலைக் கலவரத்துக்கு அப்புறம் எழுத்து மாறுகிறது. அடுத்த வருடத்தோடு கப்பலும் நின்றது. இந்தியப் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு கப்பலுக்குக் காத்திருந்தவர்கள் பலர் அங்கேயே நின்றுபோனார்கள். கடிதம் குறுகிக்கொண்டே வருகிறது. "யாவரும் சுகம். மழை இல்லை. பெரியவள் படிக்கிறாள்." அவ்வளவுதான். 1990க்குப் பிறகு, கிளிநொச்சி இருக்கும் வன்னிப் பகுதிக்குப் போகும் தபால் எப்போது சேரும் என்றே சொல்ல முடியாது. செஞ்சிலுவைச் சங்கத்தின் தாளில் சில வந்தன. அதில் குடும்பச் செய்தி மட்டும்தான் எழுதலாம், அரசியல், ராணுவம் என்று ஒரு வரி கூடாது, உறையில் போட்டு ஒட்டாமல் திறந்தபடியே கொடுக்க வேண்டும். ஒரு வாழ்க்கையையே நாலு வரிக்குள் சுருக்கச் சொன்னால் ஒருவர் என்ன எழுதுவார்? நலம் என்று எழுதுவார்.

1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பின் இந்தப் பக்கமும் பயம். இலங்கைத் தபால்தலை ஒட்டிய கடிதம் வீட்டில் இருந்தாலே வம்பு வரும் என்று யாரோ சொல்லப்போய், அப்பாயி சிலவற்றை அடுப்பில் போட்டுவிட்டார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த வருடத்தில் போலீஸ்காரர் தெருவில் வந்தாலே சிலோன்காரர் வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும்.

இந்தக் கடிதங்களில் விஷயம் இல்லை என்கிறார்கள் தேடி வருகிறவர்கள். விஷயம் விலாசத்தில் இருக்கிறது. அனுப்புநர் பகுதியைத் தேதி வாரியாக அடுக்கிப் பாருங்கள். கிளிநொச்சி. 1996 செப்டம்பரில் ராணுவம் கிளிநொச்சியைப் பிடித்த பிறகு மல்லாவி. அப்புறம் அக்கராயன். 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் மறுபடி கிளிநொச்சி. நலம், நலம் என்று எழுதிக்கொண்டே ஒரு குடும்பம் எத்தனை முறை வீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறது! தாளை மட்டும் படம் பிடித்து உறையை விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு இது தெரிய வழியே இல்லை.

போர்நிறுத்தக் காலத்துக் கடிதங்களை யாருமே சீண்டுவதில்லை. சண்டை இல்லையே, அப்புறம் என்ன செய்தி என்று. 2003-இல் பெரியப்பா மகள், அதாவது என் அக்கா, ஒரு நீளமான கடிதம் எழுதினாள். தம்பி சைக்கிளில் விழுந்து இடது புருவத்தில் தையல் போட்டது, அவன் அப்பாவின் தோள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது, கணக்குப் பாடத்தில் மட்டும் உதை வாங்குவது. கூடவே பள்ளிச் சீருடையில் அவன் போட்டோ ஒன்று. சாதாரணக் கடிதம். ஊரில் எல்லார் வீட்டு அக்காமாரும் எழுதுவது.

2009 தொடக்கத்தில், போரின் கடைசிக் கட்டம் நடந்த மாத்தளன் பக்கம் பெரியப்பா இறந்துபோனார். தம்பி காணாமல் போனான். அந்த மாதங்களில் எங்களுக்கு ஒரு வரிகூட வரவில்லை. போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து வெளியே வந்த பிறகு பெரியம்மா எழுதிய கடிதத்தில் அழுகை இல்லை, ஒரு விண்ணப்பம் மட்டும்: சின்னவன் போட்டோவும், புருவத்துக் காயத்தைப் பற்றி அக்கா எழுதிய கடிதமும் இருந்தால் உடனே அனுப்பவும், காணாமல் போனவர் விவரம் கேட்கிறார்கள், எங்களிடம் ஒரு துண்டுகூட மிச்சமில்லை. அவன் இருந்தான், இந்த உயரம் இருந்தான், இந்த இடத்தில் தழும்பு இருந்தது என்பதற்கு எழுத்தில் இருந்த ஒரே சாட்சி மேட்டுப்பாளையத்தில் எங்கள் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. சுவாரசியம் இல்லை என்று எல்லாரும் ஒதுக்குகிற வகைக் கடிதம் அது. கலர் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு அசலைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். பெரியம்மா இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். 2017 பிப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் போராட்டத்தில் உட்கார்ந்த அம்மாக்களில் அவரும் ஒருவர்.

2010-இல் அக்கா இன்னொன்று எழுதினாள். பழைய இடத்துக்குப் போய்ப் பார்த்தேன், கிணறு தூர்ந்துவிட்டது, தென்னையில் மூன்று நிற்கிறது, ஐந்துக்குத் தலை இல்லை. 1981 கடிதத்தைப் படிக்காதவருக்கு இது ஒரு தோட்டத்துச் சேதக் கணக்கு. படித்தவருக்கு அது வேறு.

பவானிசாகர் முகாமில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா இருக்கிறார். 1990-இல் மன்னார் பக்கத்திலிருந்து படகில் வந்தவர். அவரிடம் முந்தைய கட்டே கிடையாது. துணிமூட்டையோடு கடலில் நனைந்து கூழாகிப் போனது. இருப்பதெல்லாம் முகாமுக்கு வந்தபின் அங்கிருந்து வந்தவை. "எங்கட கதை நடுவிலயிருந்துதான் தொடங்குது" என்று ஒருமுறை சொன்னார். கையில் முந்தைய கடிதங்கள் இருக்கிற குடும்பங்கள் அவற்றை அலட்சியமாக விடுவதைப் பார்த்தால் அவர் முகம்தான் ஞாபகம் வருகிறது. வீடு மாறும்போது பழைய பேப்பர்காரரிடம் கிலோ கணக்கில் போட்டுவிடுகிறார்கள். என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

கடிதங்களை வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். லேமினேஷன் செய்யாதீர்கள், பழைய தாள் அந்தச் சூட்டிலும் பசையிலும் கெட்டுப்போகும், பிறகு பிரிக்கவே முடியாது. கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள். கோத்தகிரி, கூடலூர் ஈரத்தில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும், பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டினால் இன்னும் மோசம். இருபக்கமும் போனில் படம் எடுங்கள். உறையை, தபால் முத்திரையை, மடிப்போரத்தில் இடம் பத்தாமல் பொடி எழுத்தில் எழுதிய வரியை எல்லாம் சேர்த்து எடுங்கள். பெரும்பாலும் முக்கியமான விஷயம் அந்த ஓரத்தில்தான் இருக்கும். அப்புறம், வீட்டுப் பெரியவர் ஒருவரை உட்கார வைத்து, இதில் வரும் "பெரியவன்" யார், "அந்த விஷயம்" எது என்று கேட்டுக் குறித்துவிடுங்கள். அவர்கள் போய்விட்டால் கடிதம் இருந்தும் பயன் இல்லை.

தேடி வருகிறவர்களுக்கும் ஒன்று. கடிதம் பெற்றவர் கொடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். எழுதியவர் அங்கே உயிரோடு இருக்கிறார், அவர் பிள்ளைகள் அங்கே வாழ வேண்டும். அவர்களைக் கேட்காமல் ஒரு பெயரைக்கூட இணையத்தில் போடக் கூடாது. பெரியம்மா ஒரு கடிதத்தை யாருக்கும் காட்டாதே என்று சொல்லியிருக்கிறார். அதை நான் காட்டியதில்லை, என்ன எழுதியிருக்கிறது என்று இங்கேயும் சொல்லப்போவதில்லை. பொது இடத்தில் வைக்க விருப்பமுள்ளவர்கள் இலங்கைத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்க்கும் "நூலகம்" நிறுவனத்தையோ, சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையோ கேட்டுப் பார்க்கலாம். கோவை, ஈரோட்டுக் கல்லூரிகளின் தமிழ்த் துறைகளும் வரலாற்றுத் துறைகளும் இதைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. இது ஈழத்தின் வரலாறு மட்டும் இல்லை. நம் தபால்காரர் நம் தெருக்களில் சுமந்து வந்து கொடுத்த வரலாறும்கூட.

கோத்தகிரி, குன்னூர், கூடலூர், வால்பாறை, மேட்டுப்பாளையம் பக்கம் யார் வீட்டிலாவது இப்படி ஒரு கட்டு இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து படம் எடுத்து, தேதி வாரியாக அடுக்கி, உங்கள் பென் டிரைவிலேயே போட்டுக் கொடுக்கிறேன். எனக்கென்று பிரதி வைத்துக்கொள்ள மாட்டேன். கல்யாணப் பேச்சு, சீட்டுக் கணக்கு, மாட்டு விலை மட்டும்தான் எழுதியிருக்கிறது, இதெல்லாம் உங்களுக்கு எதற்கு என்று தயங்க வேண்டாம். முதலில் அவற்றைத்தான் எடுக்கப்போகிறேன்.