ஒரு வாழைத்தார் 7,500 ரூபா

எங்க ஊர் சர்ச்ல அறுப்பின் பண்டிகைக்கு ஆளுங்க காணிக்கையா கொண்டுவர்ற விளைச்சல ஏலம் விடுவாங்க. போன வருஷம் அந்த ஏலத்துல எங்க அத்தான் ஒரு வாழைத்தார 7,500 ரூபாய்க்கு எடுத்தாரு. சாதா நாட்டு வாழை, சந்தையில கேட்டா நானூறு, மிஞ்சிப்போனா ஐநூறு. கோவிலுக்குப் போற காசுல விலை பாக்கக்கூடாதுன்னு எனக்கும் தெரியும், கூடுதலா கேட்டு எடுக்குறதே காணிக்கையா குடுக்கத்தான். ஆனா எதிர்ல நின்னு ஏத்தி ஏத்தி கேட்டவரு அத்தானுக்கு பங்காளி, ரெண்டு பேருக்கும் ஆறேழு வருஷமா வரப்புத் தகராறு, மைக்ல "ஏழாயிரம் ஒரு தரம்"னு சொன்னதும் அத்தான் கை தானா மேல போச்சு. பந்தல்ல இருந்த அத்தன பேருக்கும் அது கர்த்தருக்கா பங்காளிக்கான்னு தெரியும். அக்கா கழுத்துல அன்னைக்கு கிடந்தது கவரிங். செயின் அடகுல இருக்குன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்.

சாயங்காலம் வீட்டுல கேட்டேன், என்ன அத்தான் இப்படின்னு. "ஏல மாப்ள, கர்த்தருக்கு குடுத்தது நூறு மடங்கா வரும், உனக்கு விசுவாசம் பத்தாது"ன்னுட்டாரு. நூறு மடங்குன்னா ஏழரை லட்சம். வரல. வந்தது மாசம் ஆறாயிரம் வட்டி கேட்டு ஒரு போன். பையன் காலேஜுக்குன்னு ரெண்டு லட்சம் மூணு வட்டிக்கு வாங்கியிருக்காரு, அதாவது நூத்துக்கு மாசம் மூணு ரூபா, வருஷத்துக்கு 36 சதவீதம், அசல் அப்படியே நிக்கும்.

அத்தானக் குறை சொல்ல இத எழுதல, அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். எனக்கு கோவம் வேற இடத்துல. காணிக்கை எடுக்குறதுக்கு முன்னாடி பைபிள்ல மல்கியா 3:10 வாசிக்காத ஞாயித்துக்கிழமை உண்டா? தசமபாகங்களையெல்லாம் (வருமானத்துல பத்துல ஒரு பங்கு) பண்டசாலையிலே கொண்டுவாருங்கள், வானத்தின் பலகணிகள் திறக்கும்னு சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம். "துன்மார்க்கன் கடன் வாங்கிச் செலுத்தாமற்போகிறான்"னு சங்கீதம் 37:21ல இருக்கே, அத வெச்சு ஒரு பிரசங்கம் நான் கேட்டதே இல்ல. மூணு வருஷத்துக்கு ஒருக்கா எடுக்குற தசமபாகம் ஆலய வேலை செய்யுற லேவியனுக்கு மட்டுமில்ல, பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் சேத்துத்தான்னு உபாகமம் 14 கடைசியில இருக்கு, அதையும் யாரும் தொடுறதில்ல.

எனக்கு ரொம்ப நாளா மனசுல ஓடிட்டு இருக்குறது 2 ராஜாக்கள் 4ஆம் அதிகாரம். புருஷன் செத்துப்போயிட்டான், கடன்காரன் ரெண்டு பிள்ளைகளையும் அடிமையா கொண்டுபோக வந்து நிக்கான், அந்த அம்மா எலிசா தீர்க்கதரிசிகிட்ட ஓடி வருது. வீட்டுல இருக்குறது ஒரு குடம் எண்ணெய். அற்புதம் நடக்குது, அக்கம்பக்கத்துல வாங்குன பாத்திரம் அம்புட்டும் நிரம்புது. அதுக்கப்புறம் எலிசா என்ன சொல்றாருன்னு பாருங்க. முதல் பாத்திரத்த எனக்குக் கொண்டாங்கல. எண்ணெய வித்து கடனத் தீத்துட்டு, மீதிய வெச்சு நீயும் உன் பிள்ளைகளும் பிழைச்சுக்கோங்க. அவ்ளோதான். அற்புதத்துல வந்த காசுக்கே முதல் செலவு கடன் அடைக்கிறதுதான்! இந்த கதைய எத்தனையோ கன்வென்ஷன்ல கேட்டிருக்கேன், எல்லாரும் எண்ணெய் பெருகுறதோட நிறுத்திட்டு ஜெபத்துக்குப் போயிடுறாங்க.

உடனே, தன்கிட்ட இருந்த ரெண்டு காசையும் காணிக்கைப் பெட்டியில போட்டு இயேசுகிட்ட பேர் வாங்குன ஏழை விதவைய கூட்டிட்டு வருவீங்கன்னு தெரியும். சரி, மாற்கு 12 எடுங்க. அவ போட்டது அவளோட காசு, வட்டிக்காரன் காசு இல்ல. அதுவும் போக, அதுக்கு கொஞ்சம் முன்னாடி 40ஆம் வசனத்துல, விதவைகளோட வீட்டப் பட்சிக்கிற வேதபாரகர, அதாவது அன்னைக்கு வேதம் சொல்லிக்குடுத்தவங்களப் பத்தித்தான் இயேசு பேசிட்டு இருக்காரு. சேத்து வாசிச்சா அந்த ரெண்டு காசு வேற மாதிரி கேக்கும்.

சரி அத்தான் கதைக்கு வரேன். ஜனவரியில ஒரு ராத்திரி அக்காதான் எங்களப் பிடிச்சு உக்கார வெச்சா. "கோபுரம் கட்ட நினைக்கிறவன் முன்னாடியே உக்காந்து செலவக் கணக்குப் பாக்கணும்னு இருக்குல்ல, நாம என்னைக்காவது உக்காந்திருக்கோமா"ன்னு கேட்டா. லூக்கா 14:28. அந்த வசனம் சீஷத்துவத்தப் பத்தி, இயேசுவுக்குப் பின்னால போறதப் பத்தி சொன்னது, காசப் பத்தி இல்லன்னு கமெண்ட்ல திருத்த வராதீங்க, எங்களுக்கும் தெரியும், ஆனா கணக்குப் பாக்குறது புத்திசாலித்தனம்னு எடுத்துக்கிட்டுதான் அவரே அந்த உவமைய சொல்றாரு. பையனோட பழைய ரெக்கார்ட் நோட்டுல பின்பக்கம் எழுத ஆரம்பிச்சோம். மூணு வட்டிக்கு ஆறாயிரம். பைக் டியூ 4,100. மகளிர் குழுக் கடன் 2,600. நகைக்கடன் வட்டி 1,500. அத்தோட முடிஞ்சதுன்னு அத்தான் பேனாவ மூடிட்டாரு. அக்கா அவரையே பாத்துட்டு இருந்தா. ரொம்ப நேரம் கழிச்சு மறுபடி மூடியத் திறந்து கிரெடிட் கார்டு, மினிமம் 3,200னு எழுதுனாரு. அப்படி ஒரு கார்டு வீட்டுல இருக்குறது அக்காவுக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

மொத்தம் 17,400. சம்பளம் 38,000. பாதிக்கு கொஞ்சம் கம்மி, வீட்டுக்குள்ள வராமலே போகுது. அதுலயும் இந்த மினிமம் கட்டுறது இருக்கே, அது பெரிய மோசடி, அசல் லேசுல குறையாது, மீதிக்கு மாசம் மூணு மூணரை சதவீதம் வரைக்கும் வட்டி ஓடும், புதுசா ஏதாவது வாங்குனா அதுக்கும் வாங்குன நாள்ல இருந்தே வட்டி. "கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை"ன்னு நீதிமொழிகள் 22:7 சொல்றத பேங்க்காரன் நம்மள விட நல்லா படிச்சிருக்கான் போல.

மகளுக்குன்னு எடுத்து வெச்சிருந்த நாலு பவுன் வளையல வித்து மூணு வட்டிய முடிச்சோம். அக்கா ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. ஆனா வட்டி கட்டிக்கிட்டே நகைய பீரோவுல பூட்டி வெச்சிருக்கிறது வாளியில ஓட்டைய விட்டுட்டு தண்ணி இறைக்கிற வேலைதான்னு அவளே அப்புறம் சொன்னா. மிச்சமான ஆறாயிரத்த அப்படியே கார்டுக்குத் திருப்பி விட்டோம். கார்ட கத்திரிக்கோலால வெட்டுனது மக.

காணிக்கை விஷயத்துலதான் சண்டை. நான் கொஞ்ச நாள் நிறுத்துங்கன்னேன், அக்கா ஒரேயடியா முடியாதுன்னுட்டா, கடைசியில மூணு பேரும் எங்க சர்ச் ஐயர்கிட்டயே (பாஸ்டர்) போய் கணக்கு நோட்டக் காட்டினோம். மனுஷன் அஞ்சு நிமிஷம் அந்த பக்கத்தயே பாத்தாரு. "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்லன்னு பவுல் எழுதியிருக்காரு, உங்களால முடிஞ்சத போடுங்க, முதல்ல கடன முடிங்க"ன்னாரு. மாசம் 500 கவர்ல போகுது. எல்லா ஊர்லயும் இப்படி ஒரு ஐயர் கிடைப்பாருன்னு சொல்ல மாட்டேன். எங்க சித்தி போற சபையில மருந்து வாங்க வெச்சிருந்த காச "விதைக்க", அதாவது பல மடங்கா திரும்ப வரும்னு காணிக்கையா போடச் சொல்லியிருக்காங்க. பெத்தவங்களுக்குச் செய்ய வேண்டியத கொர்பான், அதாவது கடவுளுக்குக் காணிக்கைன்னு சொல்லி ஆலயத்துக்குத் தள்ளிவிட்டவங்கள இயேசு மாற்கு 7ல என்ன பேசினாருன்னு அவங்களுக்கு யாராவது வாசிச்சுக் காட்டணும்.

இன்னொன்னு, சேமிக்கிறதும் இன்சூரன்ஸ் போடுறதும் விசுவாசக் குறைச்சல்னு ஒரு பேச்சு நம்ம ஆளுங்ககிட்ட இருக்கு. யோசேப்பு எகிப்துல பஞ்சம் வர்றதுக்கு முன்னாடி ஏழு வருஷம் நல்ல விளைச்சல்ல அஞ்சுல ஒரு பங்கு எடுத்து வெச்சாரே, அது விசுவாசம் இல்லாமலா? பத்துல ஒண்ண நெஞ்சுல எழுதி வெச்சிருக்கோம், அஞ்சுல ஒண்ண சண்டே ஸ்கூல் கதையோட விட்டுட்டோம். ஜாமீன் கையெழுத்தும் அப்படித்தான், நீதிமொழிகள் 6 தெளிவா சொல்லியும் "சகோதரன் கேட்டுட்டாரே"ன்னு போட்டுடுறோம். கடன் வாங்குனவன் கட்டலன்னா போட்டவன்தான் முழுசுக்கும் பொறுப்பு, சட்டமே அப்படித்தான், நானே ஒருத்தருக்குப் போட்டுட்டு 11 மாசம் கட்டினேன். அது தனிப் பதிவு.

இந்த வருஷமும் ஏலம் நடந்துச்சு. வாழைத்தார் வந்துச்சு, பங்காளி அத்தானப் பாத்துக்கிட்டே ரெண்டாயிரம்னு ஆரம்பிச்சாரு. அத்தான் கைய ரெண்டையும் தொடைக்கு அடியில வெச்சு உக்காந்துட்டாரு, நிஜமாத்தான், சின்னப் பையன் மாதிரி. ஏத்திக் கேக்க ஆள் இல்லாம தார் பங்காளிக்கே போச்சு. கடைசியா யாரும் சீண்டாம ஒரு பூசணிக்காய் கிடந்துச்சு, அத 150 ரூபாய்க்குக் கேட்டு, பையில இருந்து சில்லறையா எண்ணி அங்கயே கட்டிட்டு வந்தாரு. பைக்ல அத மடியில வெச்சுக்கிட்டு வந்தது நான்தான், நல்ல கனம்.