செனானை மறந்துவிட்டீர்களே

ஹீலியம், நியான், ஆர்கான், செனான் போன்ற மந்த வாயுக்கள் பற்றிய உங்கள் கட்டுரை நன்றாக இருக்கிறது. ஆனால் அவை எந்தத் தனிமத்தோடும் சேரவே சேராது என்று அடித்துச் சொல்லியிருப்பதை ஏற்க முடியவில்லை. அந்த நம்பிக்கை 1962லேயே தகர்ந்துவிட்டது. பிளாட்டினமும் புளூரினும் சேர்ந்த பிளாட்டினம் ஹெக்சாபுளூரைடு என்ற சேர்மம் ஆக்சிஜன் மூலக்கூறிடமிருந்தே எலக்ட்ரானைப் பறித்துவிடுவதை வேதியியலாளர் நீல் பார்ட்லெட் கவனித்தார். ஆக்சிஜன் மூலக்கூறுக்கும் செனானுக்கும் அயனியாக்க ஆற்றல் (ஓர் எலக்ட்ரானைப் பிரித்தெடுக்கத் தேவையான ஆற்றல்) ஏறத்தாழ ஒன்றுதான். அப்படியானால் செனான் மட்டும் எப்படித் தப்பும்? அந்தச் சேர்மத்தின் அடர்சிவப்பு ஆவியையும் நிறமற்ற செனானையும் கலக்கவிட்டார். அறை வெப்பநிலையிலேயே, கண்ணெதிரே, ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறத்தில் செனான் சேர்மம் திண்மமாகப் படிந்தது. எவ்வளவு எளிய சோதனை! அதற்கு முன் யாருக்கும் இதில் வெற்றி கிட்டவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. அதே ஆண்டில், செனானையும் புளூரினையும் சேர்த்துச் சூடாக்கியே செனான் டெட்ராபுளூரைடையும் தயாரித்துவிட்டார்கள்.

தனிம வரிசை அட்டவணையில் இவற்றுக்கு இடம் கிடைத்த கதையையும் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். ஆர்கானின் அணு எடை 39.95, பொட்டாசியத்துக்கு 39.10. எடை வரிசைப்படி அடுக்கினால், தண்ணீர் பட்டதுமே தீப்பற்றும் பொட்டாசியம் நியானுக்குக் கீழே போய் உட்காரும், ஆர்கான் சோடியத்தின் அடியில் நிற்கும்! 1913இல் இயற்பியலாளர் மோஸ்லி எக்ஸ்-கதிர் ஆய்வுகளால் அணு எண்ணுக்கு (அணுக்கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை) உறுதியான அடிப்படை தந்து, எடைக்குப் பதில் அதன்படி அடுக்கிய பிறகுதான் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

உங்கள் கட்டுரையின் மூன்றாம் பத்தியில் ஒரு பிழை: ஹீலியத்தின் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள் இல்லை, இரண்டுதான். திருத்திவிடுங்கள்.