மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் பத்து ஆண்டில் காலாவதி ஆவதில்லை

உலகப் பயணத்துக்குத் தயாராகிறவர்களுக்கு ஒரு தகவல் சொல்லப்படுகிறது: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் பத்து ஆண்டுதான் செல்லும், அதற்குப் பிறகு மறுபடி போட்டுக்கொள்ளாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று. பலரும் இதைப் பகிர்வதால் சொல்கிறேன். முன்பு விதி அப்படித்தான் இருந்தது. ஆனால் 2016 ஜூலை 11 முதல் அது மாறிவிட்டது. சர்வதேச சுகாதார விதிமுறைகளின்படி ஒரு முறை போட்ட ஊசி வாழ்நாள் முழுக்கச் செல்லும். அந்தத் தேதிக்கு முன்பே வாங்கிய சான்றிதழுக்கும் இது பொருந்தும். பழைய மஞ்சள் அட்டையில், அதாவது அந்தச் சான்றிதழில், பத்து ஆண்டு என்று எழுதியிருந்தாலும் பரவாயில்லை.

சரிபார்ப்பது சுலபம். உலக சுகாதார நிறுவனத்தின் தளத்தில் அந்த விதிமுறைகளின் 7ஆவது இணைப்பைப் படியுங்கள். எந்த நாடு யாரிடம் சான்றிதழ் கேட்கிறது என்ற பட்டியலும் அங்கேயே இருக்கிறது. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா வழியாகப் போகிறவர்களிடம் இந்தியா திரும்பும்போதும் சான்றிதழ் கேட்கலாம் என்பதால், அந்தப் பட்டியலை ஒரு முறையாவது பாருங்கள்.

அப்புறம், உங்கள் அட்டையைக் கையில் எடுத்து 'செல்லத் தொடங்கும் தேதி' என்ற கட்டத்தைப் பாருங்கள். முதல் முறை ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். 'பத்து' என்ற எண்ணில் உண்மையிலேயே கவனிக்க வேண்டியது இந்தப் பத்து நாளைத்தான். விமானத்துக்கு முந்தின வாரம் ஊசி போட்டுக்கொண்டால் போதாது.